சர்க்கரையின் மேல் பழி

"எனக்குச் சர்க்கரை இல்லை" என்று மார்தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். வியாதி இல்லை என்று யார் சொன்னது?

சர்க்கரை வியாதி என்று பெயர் வைத்தானே, அவன் மேல்தான் எனக்குக் கோபம். புகைக்குப் பெயர் வைத்துவிட்டு நெருப்பை விட்டுவிட்டான். (வயது வந்த பின் வருவதைச் சொல்கிறேன். குழந்தைகளுக்குக் கணையமே பழுதாகி வருவது வேறு.)

நடப்பது இதுதான். தின்ற சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. கணையம் இன்சுலினை அனுப்புகிறது. அது தசையின் கதவைத் தட்டிச் சர்க்கரையை உள்ளே விடச் சொல்கிறது. ஈரலிடம், 'நீ புதிதாகச் செய்யாதே' என்கிறது. ஈரலிலும் தசையிலும் கொழுப்புத் தங்கிவிட்டால் இந்தப் பேச்சு எடுபடுவதில்லை. ஒருவன் தட்டித் திறந்த கதவுக்கு நாலு பேர் வேண்டியிருக்கிறது. கணையமும் சலிக்காமல் ஆள் அனுப்புகிறது. அதனால் பத்து வருஷம்கூடச் சர்க்கரைக் கணக்கு ஒழுங்காகவே இருக்கும். அதற்குள் ஈரல் கொழுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயக் குழாய்கள் கெடுகின்றன. சில பெண்களுக்கு மாதவிலக்குத் தப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு மாத்திரை! கணையம் ஓய்ந்த பிறகே சர்க்கரை ஏறுகிறது. அப்போது நாம் விழித்துக்கொண்டு காப்பியில் சீனியை நிறுத்துகிறோம். சோற்றை மட்டும் முன்போலவே குவித்துக்கொள்கிறோம்.

இது ரகசியமும் அல்ல. இன்சுலினுக்கு மசியாத நீரிழிவு உண்டென்று 1936-லேயே லண்டனில் ஹிம்ஸ்வொர்த் எழுதிவிட்டார். 1960-ல் யாலோவும் பெர்சனும் ரத்தத்தில் இன்சுலினை அளந்து, இந்த நோயாளிகள் பலரிடம் அது ஏராளமாக இருப்பதைக் காட்டினார்கள்.

"நான் ஒல்லி, எனக்கென்ன?" என்பார் சிலர். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் சேர்ந்து நிற்கும் படமொன்றை 2004-ல் 'லான்செட்' வெளியிட்டது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம்: 22.3. உடம்பின் கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! கை கால் குச்சி, வயிறு மட்டும் தொந்தி என்பது நம் ஊர் வார்ப்பு. அதை வசதியின் லட்சணம் என்று தடவிக் கொடுத்த ஜனங்கள் நாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, 2023-ல், நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்றும், வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றும் மதிப்பிட்டது. இவர்களிடம் "பார்டர்தான், பயமில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாசற்படியிலேயே மறிக்கலாம் என்று சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் காட்டியிருக்கிறது. நடையும் உணவு மாற்றமுமே நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மாத்திரைக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். உழைக்கிற தசை, இன்சுலின் தட்டாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் விசாரிக்க வேண்டும். அளக்கிற டேப் தையற்காரர் கழுத்தில் தொங்குகிறது. டாக்டர் மேஜையில்தான் நான் அதைப் பார்த்ததில்லை.