ஆபீஸ் நெட்வொர்க்கில் யார் வேணும்னாலும் 10 கம்ப்யூட்டர் சேர்க்கலாமா?

உங்க ஆபீஸ் 'டொமைன்'ல புது கம்ப்யூட்டரை சேர்க்க ஐ.டி. டீம்தான் வரணும்னு நினைக்கிறீங்களா? மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியில் சாதாரண ஊழியரின் லாகினே போதும். ஒருத்தர் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம். விண்டோஸ் 2000 காலத்து செட்டிங் இது; யாரும் மாத்தலைன்னா இன்றும் அப்படியேதான் இருக்கும்.

இதுல என்ன ஆபத்து? ஊழியரின் பாஸ்வேர்டைத் திருடியவர், இல்லாத கம்ப்யூட்டருக்கும் ஒரு கணக்கு தொடங்கலாம். அதன் பாஸ்வேர்டை வைப்பதும் அவர்தான். 2021 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அடைத்த இரண்டு ஓட்டைகளை இப்படியொரு கணக்கு மூலம் பயன்படுத்தினால், சாதாரண லாகின் அட்மின் அதிகாரமாகவே மாறிவிடும். டிசம்பரிலேயே அதற்கான டூல் இணையத்தில் வந்துவிட்டது.

சரிசெய்ய பைசா செலவில்லை. அந்த 10-ஐ 0 ஆக்கிட்டு, சேர்க்கும் உரிமையை குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் கொடுக்கணும். ஆனா ஏற்கெனவே உள்ளே வந்த கணக்குகள் தானாகப் போகாது. இந்த வழியில் வந்த கணக்கில், தொடங்கியவர் யார் என்பதும் பதிவாகியிருக்கும். ஐ.டி. டீம் அதையும் ஒருமுறை பார்த்துவிடணும்.