கை தட்டினால் போதுமா?

2024 பிப்ரவரியில், ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் ஜெயித்தார். மலையாளி பழங்குடிப் பெண். நாடே கை தட்டியது. தட்ட வேண்டியதுதான். ஆனால், காமர்ஸ் படித்த எனக்கு ஒரு சந்தேகம். வரவில் ஒரு ஸ்ரீபதியை எழுதிவிட்டு, பாதியில் மூட்டை கட்டியவர்களைச் செலவில் எழுதாவிட்டால் அது பொய்க் கணக்கு இல்லையா?

இதே மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சியாளர்கள் நட்சத்திரம் பார்க்க மலை ஏறுகிறார்கள். 'உங்க கட் ஆஃப் என்ன?' என்று அவர்களை எந்த மலைவாசியும் கேட்பதில்லை. எம்.எஸ்ஸி. படிக்க மலை இறங்கும் பிள்ளையை மட்டும் ஏன் கேட்கிறோம்? அது விசாரிப்பு இல்லைங்க, டீசன்ட்டாக சாதி கேட்கிற வழி. ஜவ்வாது என்றதும் நமக்கு ஞாபகம் வருவது செம்மரம். 2015 ஏப்ரலில் ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் அந்த மலைக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு அது சாவு வீடு, நமக்கு கிண்டல்.

'சும்மா பெரிசுபடுத்தாதீங்க சார்' என்பீர்கள். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர் பாயல் தட்வியை இழந்தோம். அவரும் பழங்குடிப் பெண். சாதியைச் சொல்லி சீனியர்கள் மூவர் வதைத்தார்கள் என்று வழக்கு. முதுநிலை வரை முட்டி மோதி வந்தவருக்கு மன உறுதி இல்லை என்றா சொல்வீர்கள்?

நம் கல்லூரிகளின் வைத்தியம் என்ன? ஒரு நாள் யோகா, ஒரு கவுன்சலர், 'தைரியமா இரும்மா' என்று உபதேசம். கவுன்சலர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முள்ளைப் போட்டவனை விட்டுவிட்டு, குத்துப்பட்டவளுக்கு நடக்கச் சொல்லித் தருவது என்ன நியாயம்?

ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க ஓர் அதிகாரியும் வேண்டும் என்று யு.ஜி.சி. 2012-லேயே விதி போட்டது. மாணவர் தற்கொலைகளைத் தடுக்க வழி சொல்லும்படி, நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே குழு போட வேண்டி வந்தது. விதி ஒழுங்காக நடந்திருந்தால் குழு எதற்கு?

உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரிக்கு அடுத்த முறை போகும்போது, பிளேஸ்மென்ட் விவரத்தோடு இதையும் கேளுங்கள்: 'அந்த அதிகாரி யாருங்க, எந்த அறையில் உட்காருகிறார்?' பதில் வராவிட்டால், எழுதிக் கேளுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையிடமும் ஒன்று கேளுங்கள்: 'நீ யாரையாவது கட் ஆஃப் கேட்டியா?'