கருப்பையை எடுத்த பின்னும் அடி இறங்குமா?



தலைவலி, முதுகுவலி என்றால் நாலுபேர் கேட்கச் சொல்லும் நம் பெண்கள், அடியிறக்கத்தை மட்டும் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை. "கர்ப்பப்பையைத்தான் எடுத்தாகிவிட்டதே டீச்சர், இனி இறங்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. இறங்கும், சகோதரிகளே.

இடுப்புக்கூட்டின் அடியில் உள்ள தசைகள் ஏணைத் துணிபோல் நின்று மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. கருப்பையை எடுத்தபின் பெண்ணுறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடுவார்கள். ஏணை தளர்ந்தால் அந்த முனையோ, மூத்திரப்பையோ, குடலோ கீழே சரியும். பல பிரசவம், காண்டாவில் பால் வாளி சுமந்த காலம், செம்பனைக் காட்டு வேலை, தீராத இருமல், மலச்சிக்கல், மாதவிலக்கு நின்ற வயது எல்லாம் ஏணையைத் தளர்த்துபவை.

மாலையானால் அடிவயிறு கனக்கும், ஏதோ இறங்குவதுபோல் இருக்கும், படுத்தால் குறையும். இது புற்றுநோய் அன்று. பாவத்தின் பலனும் அன்று. ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இரத்தம் பட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கத்தி இல்லாத வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதி விளக்கிய பயிற்சி. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல விடுங்கள். மூச்சை அடக்கவேண்டாம். வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இறக்கம் அதிகமானால் இது மட்டும் போதாது.

மற்றொன்று, உள்ளே வைக்கும் சிலிக்கோன் வளையம். மருத்துவர் அளவு பார்த்து வைப்பார். சொன்ன தவணையில் போய்க் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ளவேண்டும். மறந்தால் உள்ளே புண்ணாகும்.

அறுவைச் சிகிச்சையிலும் வகை உண்டு. கீழ்வழியாகவே முனையை இடுப்பின் தசைநாரில் தைப்பது ஒன்று. வயிற்றின் வழியாக, வலைத்துண்டு கொண்டு அடிமுதுகெலும்பில் கட்டுவது மற்றொன்று. கீழ்வழியாக வலை வைக்கும் முறை வேறு. அது பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவ்வலைகளின் விற்பனையை நிறுத்தியது. ஆகவே, "எந்த முறை? வலை உண்டா? மறுபடி இறங்குமா? சிறுநீருக்கும் இல்லறத்திற்கும் இடைஞ்சல் வருமா?" என்று கூசாமல் கேளுங்கள். ஆப்பரேஷனுக்குப் பின்னும் இறக்கம் திரும்பலாம். பல வாரங்கள் பாரம் தூக்கக்கூடாது; பேரப்பிள்ளையையும் சேர்த்துத்தான். அந்நாட்களில் வீட்டுவேலையை யார் பார்ப்பது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

இறக்கம் எவ்வளவு என்பதைவிட, தொல்லை எவ்வளவு என்பதே முடிவுக்கு அளவுகோல். தொல்லை இல்லையென்றால் காத்திருக்கலாம். நடக்க, உட்கார, வேலை செய்ய முடியவில்லையென்றால் "வயதாகிவிட்டது" என்று பொறுத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிற்குப் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போகலாம். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. மலாயில் விளக்கத் தயங்கினால் மகளையோ மருமகளையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வாய் திறந்து சொன்ன நோய்க்கே வைத்தியம் உண்டு.