பிராமுக்கு யாரோட போறதுன்னு பணம் கொடுக்கிறவர் முடிவு பண்ணலாமா?

அமெரிக்காவில் செட்டில் ஆன அக்கா, அண்ணன் இருக்கிறவங்களுக்கு இந்தப் பஞ்சாயத்து தெரிஞ்சிருக்கும். ஏப்ரல், மே வந்தா அங்கே ஹைஸ்கூல்களில் பிராம் சீசன். பசங்க கோட், கவுன்னு டிரஸ் பண்ணிக்கிட்டுப் போற நடன விருந்து அது. யாரோட ஜோடியா போறதுங்கிறதுதான் அதுல பெரிய விஷயமே. வீட்டில் 18 வயசுப் பையனும் 17 வயசுப் பொண்ணும் இருந்தா, ஒரே மாசத்தில் ரெண்டு பேரும் ஜோடி தேடுவாங்க.

அப்போ நம்ம ஆளுங்க பல பேர் வீட்டில் என்ன நடக்குது? பையன்கிட்ட "எவ்வளவு வேணும்?"னு கேட்கிறாங்க. பொண்ணுகிட்ட "யார் அந்தப் பையன்?"னு கேட்கிறாங்க. கடைசியில் "காசு கொடுக்கிறது நான்தானே!" அப்படிங்கிற வாக்கியம் வந்து நிக்கும்.

என் கருத்து நேரடியானது. பணம் கொடுக்கிறதால ஜோடியைத் தேர்ந்தெடுக்கிற உரிமை வந்துடாது. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரணும், கார் யார் ஓட்டுறாங்க, இதெல்லாம் கேட்கிறது பெற்றோர் கடமை. கண்டிப்பா கேட்கணும், ரெண்டு பிள்ளைங்ககிட்டயும் ஒரே மாதிரி கேட்கணும். யாரோட போறாங்கங்கிறது அவங்க முடிவு.

பணத்தை எப்படிக் கொடுக்கிறது? ரெண்டு பேருக்கும் ஒரே தொகை, ஒரு மாசம் முன்னாடியே. டிக்கெட், வாடகை கோட், கவுன், பூ, டின்னர், பங்கு போட்டு எடுக்கிற லிமோசின் எல்லாம் அதுக்குள்ள. தாண்டினா அவங்க பார்ட் டைம் சம்பளத்தில் இருந்து போடட்டும். முடிஞ்ச பிறகு கணக்கு கேட்காதீங்க. ஒரு ராத்திரிக்கு அதிகமா செலவழிச்சு வர்ற வருத்தம், பின்னாடி கிரெடிட் கார்டில் கத்துக்கிறதைவிட ரொம்ப மலிவான பாடம்.

இன்னொரு காரணமும் இருக்கு. பெற்றோர் கையை விட்டுத்தான் ஆகணும்னு சட்டமே தேதி வெச்சிருக்கு. அங்கே குழந்தை பேரில் போடுற கஸ்டோடியல் அக்கவுண்ட், மாநிலத்தைப் பொறுத்து பெரும்பாலும் 18 அல்லது 21 வயசில் முழுசா பிள்ளை கைக்குப் போயிடும். இங்கேயும் அப்படித்தான். மைனர் பேரில் மியூச்சுவல் ஃபண்ட் போட்டிருந்தா, 18 முடிஞ்சதும் கார்டியன் அதில் எதுவும் பண்ண முடியாது. பிள்ளையோட பான், கேஒய்சி கொடுத்து மேஜரா மாத்தணும். அதுக்கப்புறம் பிள்ளை கையெழுத்துதான். 10 வயசு முடிஞ்ச பசங்களே தனியா சேவிங்ஸ் அக்கவுண்ட் நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம்னு 2025-ல் ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கு. ஒரு நாள்கூட 5,000 ரூபாயைத் தனியா கையாளாத பிள்ளைகிட்ட, 18-வது பிறந்தநாளில் 5 லட்சம் போய்ச் சேர்ந்தா என்ன ஆகும்?

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, இது எனக்கு எதுக்கு?"ன்னு நினைக்காதீங்க. தம்பியோட பிளஸ் டூ ஃபேர்வெல் கோட்டுக்கும், தங்கச்சியோட பட்டுப்புடவைக்கும் இன்னைக்கு ஜிபே பண்றது சம்பளம் வாங்கற நீங்கதான். கூடவே "குரூப் போட்டோல பக்கத்துல நிக்கிறது யாரு?"ன்னு விசாரணை வேற! அப்பா உங்களை அப்படிக் கேட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

இந்தத் தடவை தொகையைச் சொல்லுங்க, அனுப்புங்க. "பத்திரமா வீட்டுக்கு வா"ன்னு மட்டும் சொல்லுங்க. போதும்.