கையகல யுத்த விமானம்

விடுமுறை நாட்களில் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைப்பது எப்படி என்று கவலைப்படும் பெற்றோர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். 'ஸ்பிட்பயர்' விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். "யுத்தக் கருவியையா குழந்தையிடம் கொடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் மாதிரியைச் செய்து பார்ப்போம்.

பெட்டியைத் திறந்தால் சட்டத்தோடு ஒட்டிய சிறு துண்டுகள் தென்படும். பெரும்பாலும் 72-ல் ஒரு பங்கு அளவு; அதாவது 6 அடி 1 அங்குலமாகச் சுருங்கிவிடும். 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களைக் கொண்டு இதே அளவில் மர மாதிரிகள் செய்வித்தது. வானில் வருவது நண்பனா, பகைவனா என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளப் போர்வீரர்களைப் பழக்குவதற்காக! 35 அடி தூரத்தில் தொங்கும் மாதிரி, ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பாலுள்ள நிஜ விமானத்தைப் போல் தோன்றுமல்லவா?

துண்டுகளைப் பிய்க்கக் கூடாது. கத்தரித்து, உப்புக் காகிதத்தால் தேய்க்க வேண்டும். உடலின் இரு பாதிகளையும் சேர்ப்பதற்கு முன்பே விமானிக்கு வர்ணம் தீட்டிவிடுவது அவசியம். மூடிய பிறகு தூரிகை உள்ளே நுழையாது. இதற்கென்றுள்ள பசை பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து ஒன்றாக்குவது. ஆகையால் ஒரு சொட்டே போதும். கண்ணாடி மூடியில் அது பட்டால் மங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நலம். இறக்கைகள் இரண்டும் சமமாக உயர்ந்திருக்கின்றனவா என்று முன்புறமிருந்து நோக்கி, இராமுழுதும் உலர விட வேண்டும். வர்ணம் காய்ந்த பின், சின்னங்களை வெதுவெதுப்பான நீரில் நனைத்து நழுவவிட்டுப் பதிக்கலாம்.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம். உலரும் நேரத்தில் பிள்ளைக்குக் கதை சொல்லுங்கள். இவ்விமானத்தை அமைத்த மிட்செல், அது முதன்முதல் பறந்த மறு வருஷமே, 1937-ல், 42-வது வயதில் நோயினால் காலமானார். 1939-ல் நம் மக்களின் சம்மதத்தைக் கேளாமலே வைஸ்ராய் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்துவிட்டார். 1940-ல் ஸ்பிட்பயரில் பறந்து போரிட்ட பிரிட்டிஷ் விமானப் படையின் 234-வது பிரிவுக்கு 'மதராஸ் பிரஸிடென்ஸி' என்ற பெயர் உண்டு. சென்னை மாகாணம் அளித்த யுத்த நிதியை முன்னிட்டு ஏற்பட்ட பெயர் அது. சுதந்திரமில்லாத மக்களின் பணம் பிறருடைய சுதந்திரத்தைக் காக்கச் சென்றது!

பிறகு, பிள்ளை வர்ணம் தீட்டிய அந்தச் சிறு மனிதனைக் காட்டுங்கள். எதிரே வந்த ஜெர்மன் விமானத்திலும் இப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட குழந்தை யுத்தத்தை விளையாட்டென்று எண்ணாது.