பொது வாக்கெடுப்பில் யாருடைய பணம் வெல்கிறது?

"இடஒதுக்கீடு வேண்டுமா என்று மக்களிடமே நேரடியாகக் கேட்டுவிடலாமே" என்பவர்கள் உண்டு. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. 2020 நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்ததை அவர்கள் பார்க்க வேண்டும் என்பேன்.

அங்கே சட்ட முன்மொழிவுகளை வாக்காளர்களே ஏற்கலாம், தள்ளலாம். இரு தரப்புக்கும் பிரச்சாரக் குழுக்கள் நிதி திரட்டும். வேட்பாளருக்குத் தரும் நன்கொடைக்கு வரம்பு உண்டு. இக்குழுக்களுக்குத் தருவதற்கு இல்லை. வேட்பாளரை விலைக்கு வாங்கலாம், சட்டவரைவுக்கு லஞ்சம் கொடுக்க முடியாதே என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தர்க்கம். 1978, 1981 தீர்ப்புகள் இதைத்தான் சொல்கின்றன. வாக்காளரின் காதை வாங்கலாம் என்பது அக்கணக்கில் சேரவில்லை.

ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருத வேண்டும் என்ற சட்டத்திலிருந்து தப்பிக்க ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய நிறுவனங்கள் கொண்டுவந்தது முன்மொழிவு 22. 20 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். எதிர்த்த தொழிற்சங்கத் தரப்பிடம் இருந்தது சுமார் 2 கோடி. ஓட்டுநரின் செயலிக்குள்ளேயே 'ஆம்' பிரச்சாரம் ஓடியது. கறுப்பின மக்களின் பழம்பெரும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் மாநிலக் கிளை ஆதரவு தந்தது. அதன் தலைவருடைய ஆலோசனை நிறுவனத்துக்குப் பிரச்சாரக் குழு 85,000 டாலர் கொடுத்திருந்தது. நமக்குப் பழக்கமில்லாத கதையா இது? 58 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றார்கள். சட்டமன்றம் இதைத் திருத்த எட்டில் ஏழு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்றும் அதிலேயே எழுதிக்கொண்டார்கள்.

பணம்தான் எல்லாம் என்று இத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் அதே நாளில், அதே வாக்குச்சீட்டில் முன்மொழிவு 16 இருந்தது. கல்வியிலும் அரசு வேலையிலும் இனம், பாலினம் சார்ந்த சிறப்பு வாய்ப்புகளை 1996 வாக்கெடுப்பில் தடைசெய்தது முன்மொழிவு 209. அந்தத் தடையை நீக்கக் கேட்டது இது. ஆதரவுக் குழுக்கள் சுமார் 3 கோடி டாலர் திரட்டின. எதிர்ப்பாளர்களிடம் 20 லட்சம்கூட இல்லை. ஆனாலும் 57 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 'தகுதி, திறமை'ப் பேச்சுக்கு விளம்பரச் செலவு தேவைப்படவில்லை. அது ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருந்தது.

ஆதிக்கத்துக்கு நன்கொடை வரம்பில்லாத களம் உதவியது. சமத்துவத்துக்கு அதே களம், கையில் பணம் இருந்தும் உதவவில்லை. எனவே நன்கொடைக்கு உச்சவரம்பு போட்டால் போதும் என்ற வாதம் எனக்குப் பாதிதான் சரி. இந்தியாவின் பெரும்பான்மை கருத்தால் உருவாவதல்ல, பிறப்பால் அமைவது என்று அம்பேத்கர் எச்சரித்தார். அப்படிப்பட்ட பெரும்பான்மையிடம் சிறுபான்மையின் உரிமையை வாக்குக்கு விடக் கூடாது.

2024 ஜூலையில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றமும் முன்மொழிவு 22 செல்லும் என்றது. முன்மொழிவு 209 இன்றும் நடைமுறையில் இருக்கிறது.