விவசாயி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பஞ்சாப் கிராமம் என்றதும் நம்ம ஆட்களுக்கு என்ன ஞாபகம் வருது? கோதுமை வயல், டிராக்டர், தலைப்பாகை கட்டிய விவசாயி. முற்போக்குப் பத்திரிகைகளும் அதே படத்தைத்தான் போடுகின்றன. அந்த வயலில் நாற்று நட்டவள் யார், அறுத்தவன் யார், அவர்கள் குடியிருப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுப்பாருங்கள். 'அங்கே சாதி இல்லீங்க, அது குருநானக் பூமி' என்பார்கள்.

2011 கணக்கெடுப்புப்படி பஞ்சாபில் 100-க்கு 32 பேர் தலித்துகள். இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இந்த விகிதம் இல்லை. நிலமோ பெரும்பாலும் ஜாட் சாதியிடம். இது தானாக நடந்ததல்ல, சட்டம் போட்டு நடத்தியது. 1900-இல் வெள்ளை அரசு நிலக் கைமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வட்டிக்காரனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றவாம். யார் விவசாயி? சாதிவாரியாகப் பட்டியல் போட்டார்கள். ஜாட் விவசாயி, ராஜபுத்திரன் விவசாயி. தலைமுறை தலைமுறையாக மண்ணில் கிடந்து உழைத்த சமாரும் சூஹ்ராவும் விவசாயி இல்லை! காசு சேர்த்து வைத்திருந்தாலும், அதிகாரி அனுமதிக்காமல் அந்த நிலத்தை வாங்க முடியாது. உழைத்தவன் கூலி, உட்கார்ந்திருந்தவன் விவசாயி. சுதந்திரத்துக்குப் பின் சட்டம் போனது, நிலம் கைமாறவில்லை.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மங்கு ராம் 1926-இல் ஆத் தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். 1931 கணக்கெடுப்பில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை ஆத் தர்மி என்று பதிந்துகொண்டார்கள். கிராம வரலாறு எழுதுகிறவர்கள் இதை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்?

சங்ரூர் மாவட்டத்து பலத் கலான் கிராமத்துக்கு வாருங்கள். 1961 பொதுநிலச் சட்டத்தின் விதிகள்படி, பஞ்சாயத்தின் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கு மட்டுமே ஏலத்தில் குத்தகைக்கு விடவேண்டும். நடந்தது என்ன? தலித் ஒருவரின் பெயரில் ஏலம் எடுப்பான் ஜாட் பண்ணையார். பெயர் இவருடையது, விளைச்சல் அவனுடையது. 2014-இல் பலத் கலான் தலித்துகள் இதை எதிர்த்து நின்றார்கள். போலீஸ் தடியடி நடத்தியது, சிறைக்கு அனுப்பியது. அவர்கள் விடவில்லை. நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிர் வைத்தார்கள்.

அந்த நிலம் அவர்களுக்கு எதற்கு? முதலில் மாட்டுக்குப் புல். மாடு வைத்திருக்கும் தலித் பெண் ஜாட் வயல் வரப்பில்தான் புல் அறுக்கணும். அங்கே அவள் கேட்கிற வசவும், அவள்மேல் விழுகிற கையும் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. சொந்தக் கையில் ஒரு துண்டு நிலம் இருந்தால் அவள் யார் வரப்பிலும் குனிய வேண்டாம். இதே உரிமையைக் கேட்டதற்காகத்தான் 2016 அக்டோபரில் ஜலூர் கிராமத்து தலித் குடியிருப்பில் புகுந்து அடித்தார்கள். காயம்பட்ட மூதாட்டி அடுத்த மாதம் இறந்துபோனார்.

2020-இல் கொரோனா ஊரடங்கில் வெளிமாநிலக் கூலிகள் வரவில்லை. உள்ளூர் தலித்துகள் நடவுக்கு நியாயமான கூலி கேட்டார்கள். பல பஞ்சாயத்துகள் தீர்மானம் போட்டுக் கூலிக்கு உச்சவரம்பு கட்டின. மீறினால் ஊர்விலக்கு என மிரட்டின. அதே ஆண்டு இறுதியில் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். கோரிக்கை நியாயம். தலித் கூலிகளும் போய் உட்கார்ந்தார்கள். கொள்முதல் விலைக்கு ஒரு நியாயம், நடவுக் கூலிக்கு ஒரு நியாயமா?

விவசாயி ஒற்றுமை பேசும் தோழர்களே, ஒற்றுமைக்கு நாங்க தயார். அந்த மூன்றில் ஒரு பங்கை முதலில் விடச் சொல்லுங்கள்.